150, 100, 80: ஒரு சிற்றாற்றில் நாட்டு மீன் திரும்பி வந்த கணக்கு

பிப்ரவரி 15-க்கும் மார்ச் 31-க்கும் நடுவில் ஏதாவது மூன்று நாள். முதல் நாள் விநாடிக்கு 150 கனஅடி, மறுநாள் 100, மூன்றாம் நாள் 80. அதன் பிறகு முப்பது நாளைக்கு, கீழே நெடுஞ்சாலைப் பாலத்தடியில் அளந்தால் 50 கனஅடிக்குக் குறையக் கூடாது. கலிபோர்னியாவின் பூட்டா கிரீக் என்ற சிற்றாற்றுக்காக 2000 மே மாதம் ஏற்பட்ட உடன்படிக்கையில், நாட்டு மீன்கள் முட்டையிடும் பருவத்துக்கென்று எழுதிவைத்த தண்ணீர் இவ்வளவுதான். மேட்டூர் திறப்புச் செய்திகளைப் படித்துப் பழகியவர்களுக்கு இது சிரிப்பு வரவழைக்கும் அளவு. வழியில் மண் குடிக்கும் பங்கை விட்டுவிட்டுக் கூட்டினால், மேட்டூரில் 10,000 கனஅடி வீதம் திறக்கும்போது நாலரை மணி நேரத்தில் ஓடிவிடுகிற தண்ணீர்.

இந்தக் கொஞ்சத் தண்ணீரும், அதோடு சேர்ந்த இன்னும் சில ஏற்பாடுகளும் 20 கிலோமீட்டருக்கு மேற்பட்ட ஆற்றில் மீன் கூட்டத்தையே மாற்றிவிட்டன. மீனுக்கு எவ்வளவு தண்ணீர் விடுவது என்றுதான் எல்லா ஊரிலும் சண்டை நடக்கிறது. எந்த மாதம், எந்தச் சூட்டில், எந்த வேகத்தில் விடுவது என்பதை யாரும் அவ்வளவாகக் கேட்பதில்லை. பூட்டாவில் வேலை செய்தது இந்த இரண்டாவது கேள்விதான்.

ஆறு சின்னது. மேற்கே மலையில் பிறந்து, வின்டர்ஸ், டேவிஸ் ஊர்களைத் தொட்டுக்கொண்டு, யோலோ பைபாஸ் என்ற வெள்ள வடிகால் சமவெளியில் போய் இறங்குகிறது. 1957-ல் மான்டிசெல்லோ அணை கட்டி முடிந்தது. அதன் பெரியெஸ்ஸா ஏரி சுமார் 70 டிஎம்சி பிடிக்கும். மேட்டூரின் 93-ல் முக்கால் பங்கு. அணைக்குக் கொஞ்சம் கீழே ஒரு திருப்பணை. கால்வாய்க்கான தண்ணீர் அங்கேதான் பிரிகிறது. திருப்பணைக்குக் கீழே மிச்சமிருக்கும் ஆறுதான் இந்தக் கதை நடக்கும் இடம்.

கலிபோர்னியாவில் மழை நவம்பரில் தொடங்கி மார்ச்சோடு ஓய்ந்துவிடும். கோடையில் சொட்டுக்கூட விழாது. அங்கே பிறந்த மீன்கள் இந்தப் பஞ்சாங்கத்தைப் பார்த்தே வாழப் பழகியவை. சாக்ரமென்டோ சக்கர் என்ற மீனும் பைக்மின்னோவும் குளிர்கால வெள்ளம் வடியத் தொடங்கும் பிப்ரவரி, மார்ச், ஏப்ரலில் எதிரேறிப் போய், கூழாங்கல் மேல் சலசலத்து ஓடும் ஆழமில்லாத இடத்தில் முட்டையைக் கொட்டிவிட்டுத் திரும்பிவிடும். காவல் கிடையாது. முட்டை கல்லிடுக்கில் ஒட்டிக்கொள்ளும். ஓடும் நீர் அதற்கு மூச்சு. வெயில் ஏறுவதற்குள் குஞ்சு பொரித்து, நீரோட்டத்தைத் தாக்குப்பிடிக்கும் அளவுக்கு வளர்ந்துவிட வேண்டும்.

அயல் மீன்களின் பிழைப்பு வேறு. லார்ஜ்மவுத் பாஸ், ப்ளூகில், பச்சை சன்ஃபிஷ் எல்லாம் அமெரிக்காவின் கிழக்குப் பக்கத்து மீன்கள். அங்கே கோடையிலும் மழை உண்டு, வெதுவெதுப்பான தேக்கம் உண்டு. தண்ணீர் 16, 18 டிகிரி செல்சியஸுக்கு மேல் ஏறியதும், கரையோரம் அசையாத நீரில் ஆண் மீன் வாலால் மண்ணைத் துடைத்துத் தட்டு மாதிரி ஒரு கூடு பறிக்கும். பெண் முட்டையிட்டுப் போன பிறகு அங்கேயே நின்று விசிறும், அண்டுகிற மீனை விரட்டும், குஞ்சு நீந்தப் பழகும் வரை காவல் காக்கும். நல்ல தகப்பன்தான். ஆனால் அந்த இரண்டு மூன்று வாரத்தில் நீர் வேகமெடுத்தாலோ, திடீரென்று குளிர்ந்தாலோ கூடு போயிற்று. முட்டையின் மேல் மண் மூடும், குஞ்சை வெள்ளம் அடித்துப்போகும், தகப்பனும் கிளம்பிவிடும்.

அணை வந்ததும் பஞ்சாங்கம் தலைகீழானது. குளிர்கால வெள்ளத்தை ஏரி வாங்கிக்கொண்டது. கோடையில் பாசனத் தண்ணீர் கால்வாய் வழியே போக, ஆற்றில் மெல்லிய கசிவும் அங்கங்கே மடுக்களும் மிஞ்சின. மடு சூடானது, அசையாமல் நின்றது. பாஸுக்குக் குடித்தனம் வைத்துக் கொடுத்தது போல ஆயிற்று. பத்துப் பதினைந்து ஆண்டு இப்படியே போனால் நாட்டு மீனை யாரும் துரத்த வேண்டியதில்லை. முட்டையிட இடமில்லாமலும், பொரித்த குஞ்சை பாஸ் தின்றும் தானே குறையும்.

1987 முதல் 1992 வரை வறட்சி. 1989-ல் கீழ்ப்பகுதி நீண்ட தூரத்துக்குக் காய்ந்தே போனது. 1990-ல் பூட்டா கிரீக் கவுன்சில் என்ற உள்ளூர் அமைப்பு வழக்குப் போட்டது. டேவிஸ் நகரமும் பல்கலைக்கழகமும் சேர்ந்துகொண்டன. கலிபோர்னியாவின் மீன், வேட்டை விலங்குச் சட்டத்தில் 5937 என்று ஒரு பழைய பிரிவு உண்டு. அணையின் உடைமையாளர், அணைக்குக் கீழே உள்ள மீன்களை நல்ல நிலையில் வைத்திருக்கப் போதுமான தண்ணீரை விட வேண்டும் என்கிறது அது. ‘நல்ல நிலை’ என்றால் என்ன? மீனியல் அறிஞர் பீட்டர் மாயில் அதை மூன்றாகப் பிரித்தார்: தனி மீன் நோயின்றி இருக்க வேண்டும், அந்த இனம் தானே பெருகித் தொடர வேண்டும், ஆற்றுக்கு உரிய மீன் கூட்டம் முழுவதும் நிலைக்க வேண்டும். சட்டத்தின் ஒற்றைச் சொல்லை ஆற்றில் இறங்கி அளக்கத் தக்கதாக மாற்றியது இந்தப் பிரிப்பு. உடன்படிக்கையின் தண்ணீர் அட்டவணை இதிலிருந்துதான் முளைத்தது என்று தாராளமாகச் சொல்லலாம்.

அட்டவணையின் நுணுக்கங்களில்தான் விஷயமே இருக்கிறது.

150, 100, 80 என்று இறங்குவரிசையில் வைத்தது ஏன்? மேலே ஏற்றுவது சுலபம். மதகைத் தூக்கினால் போதும். சேதம் நடப்பது மூடும்போது. ஒரே மூச்சில் மூடினால் கரையோரப் பள்ளங்களில் ஒதுங்கிய குஞ்சுகள் ஆற்றோடு தொடர்பறுந்து குட்டையில் சிக்கும். மறுநாள் கொக்குக்கும் வெயிலுக்கும் இரை. கல்லில் ஒட்டிய முட்டை காற்றில் காயும். அணை எந்த ஊரில் இருந்தாலும் மீனுக்காகத் தண்ணீர் விடுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது உச்சம் எத்தனை கனஅடி என்பதை அல்ல. மணிக்கு எத்தனை அங்குலம் மட்டம் இறங்குகிறது என்பதை.

முப்பது நாள் 50 கனஅடியை அணை வாசலில் அளக்காமல் கீழே பாலத்தடியில் அளந்ததற்கும் காரணம் உண்டு. பூட்டாவின் கீழ்ப்பகுதி மண் தண்ணீரைக் குடிக்கும் மண். வழியில் மோட்டார் வைத்து இறைப்பவர்களும் உண்டு. அணையில் 50 என்று பதிவேட்டில் எழுதிவிட்டு, இருபது கிலோமீட்டர் தாண்டி ஆறு வறண்டு கிடப்பது எளிதில் நடக்கக்கூடியது. அளவுகோல் எங்கே இருக்கிறதோ அங்கேதான் தண்ணீர் இருக்கும் என்பது பொறியாளர்களுக்குத் தெரிந்த பழைய பாடம்.

இலையுதிர் காலத்துக்கு வேறொரு ஏற்பாடு. சினூக் சால்மன் கடலிலிருந்து முட்டையிட ஏறி வருவது அப்போதுதான். நவம்பர் 15-க்கும் டிசம்பர் 15-க்கும் இடையில் ஐந்து நாள், 50 கனஅடி. இதற்கு ஒரு முன்வேலை உண்டு. கடைக்கோடியில், பைபாஸுக்குள், பலகை போட்டு அடைக்கும் தடுப்பணை ஒன்று இருக்கிறது. பலகைகளை முதலில் கழற்ற வேண்டும், அப்புறம்தான் தண்ணீர். வரிசை மாறினால் வாசனை பிடித்து வந்த மீன் தடுப்பணைக்குக் கீழே முட்டிக்கொண்டு நிற்கும். விட்ட தண்ணீரும் வீண்.

வறட்சி ஆண்டுக்கும் விதி எழுதியிருக்கிறார்கள். ஏப்ரல் 1 அன்று ஏரியின் இருப்பு 7.5 லட்சம் ஏக்கர்-அடிக்கு, அதாவது சுமார் 33 டிஎம்சிக்குக் கீழே போனால் குறைந்த அட்டவணை நடைமுறைக்கு வரும். பற்றாக்குறைக் காலத்தில் யாருக்கு எவ்வளவு என்று முன்கூட்டியே எண்ணாகப் போட்டு வைப்பதன் அருமை, காவிரிச் சண்டையைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பலன் தெரிந்ததா? ஆற்றில் ஆறு இடங்களில் ஆண்டுதோறும் மீனைப் பிடித்து எண்ணினார்கள். தண்ணீரில் மின்சாரம் பாய்ச்சி மீனைச் சற்று மயக்கி, வகை பிரித்து, அளந்து, திரும்ப விடும் முறை. (நம்மூரில் பேட்டரி வைத்துத் திருட்டுத்தனமாக மீன் பிடிப்பதும் இதே தத்துவம்தான், அங்கே மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்திச் செய்வதால் மீன் பிழைக்கும்.) உடன்படிக்கைக்கு முன்பு நாட்டு மீன் மேலோங்கி இருந்தது திருப்பணைக்கு நேர் கீழே, குளிர்ந்த நீர் கிடைத்த சிறு பகுதியில் மட்டும். 2000-க்குப் பிறகு அது படிப்படியாகக் கீழே இறங்கி 20 கிலோமீட்டரைத் தாண்டியது. சக்கர், பைக்மின்னோ, குட்டி போடும் இனமான டூலி பெர்ச் எல்லாம் திரும்பின. 1991 முதல் 2008 வரையிலான எண்ணிக்கையை வைத்து 2012-ல் வெளியான ஆய்வு இன்னொன்றையும் காட்டியது: பெரும்பாலான ஆண்டுகளில் இதற்குக் கூடுதலாகச் செலவான தண்ணீர் சொற்பம். சால்மனும் 2010-களில் நூற்றுக்கணக்கில் ஏறி வந்தது.

முழு வெற்றி என்று சொல்ல முடியாது. கடைசிக் கீழ்ப்பகுதி இன்றும் பாஸ், சாதாக் கெண்டை வகையறாவின் கையில்தான். தரை சமம், நீர் சூடு, பைபாஸிலிருந்து அயல் மீன் ஏறிக்கொண்டே இருக்கும். 50 கனஅடிக்கு அங்கே வேகமே பிறக்காது. இன்னொரு குறை, அணைக்குப் பின்னே சரளைக்கல் தங்கிவிடுவது. கீழே புதுக் கல் வராததால் இருக்கிற கல் வண்டலோடு இறுகிக் கெட்டிதட்டிப் போனது. சால்மனால் அதைப் பறிக்க முடியவில்லை. இயந்திரத்தை ஆற்றில் இறக்கி, உழவு மாதிரி கிளறிவிட்ட இடங்களில்தான் அது குழி போட்டது. தண்ணீர் திரும்பினால் எல்லாம் திரும்பிவிடும் என்று நம்புகிறவர்கள் இந்தச் சரளையை ஒரு முறை கையால் தோண்டிப் பார்க்க வேண்டும்.

வெள்ளம் ஏன் ஒரு மீனைக் கொண்டுபோகிறது, இன்னொன்றை விட்டுவைக்கிறது என்பதற்கு அரிசோனாவில் கிடைத்த சான்று இன்னும் துல்லியம். அங்கே பாலை ஓடைகளில் டாப்மின்னோ என்ற விரல் நீளம்கூட இல்லாத நாட்டு மீன் உண்டு. கொசுப்புழுவைத் தின்னட்டும் என்று நம்மூர்க் கிணறுகளில்கூட விடுகிறோமே, அந்தக் கம்பூசியா அதன் பரம எதிரி. குஞ்சைத் தின்னும், வால் துடுப்பைக் கடித்துக் குதறும். தேங்கிய நீரில் சில ஆண்டுகளில் டாப்மின்னோ காணாமல் போகும். ஆனால் திடீர் வெள்ளம் வரும் ஓடைகளில் இரண்டும் பல ஆண்டு சேர்ந்தே இருந்தன. காரணத்தைத் தேடிப் பார்த்தால், நீர் எகிறும்போது டாப்மின்னோ உடனே ஓரத்துக்கு ஒதுங்கி ஓட்டத்தை எதிர்த்து முகம் வைத்து நிற்கிறது. கம்பூசியாவுக்கு அது கைவரவில்லை. நடு ஓட்டத்தில் மாட்டி அடித்துப்போகப்படுகிறது. வெள்ளம் அதை ஒழிக்காது, ஆனால் மறுபடி பெருகும் வரை சின்ன மீனுக்கு அவகாசம் கொடுக்கும். அந்த ஓடையில் அணை கட்டி வெள்ளத்தைத் தடுத்தால் அந்த அவகாசம் போய்விடும்.

இதுவரை சொன்னதைக் கேட்டு ‘வெள்ளம் விட்டால் நாட்டு மீன் ஜெயிக்கும்’ என்று சூத்திரம் போட்டுவிடக் கூடாது. கொலராடோ ஆறு அந்தச் சூத்திரத்தைக் கிழித்துப் போட்ட இடம்.

கிளென் கேன்யன் அணை 1963-ல் நீரைத் தேக்கத் தொடங்கியது. அதற்கு முன் கிராண்ட் கேன்யனில் ஆறு கோடையில் 27 டிகிரி வரை சுடும், குளிர்காலத்தில் உறைநிலைக்குப் போகும், மே-ஜூனில் பனி உருகி வெள்ளம் பொங்கும், நீர் செம்மண் குழம்பாக ஓடும். அணைக்குப் பிறகு ஆண்டு முழுவதும் 8 முதல் 12 டிகிரிக்குள் தெளிந்த நீர். ஹம்ப்பேக் சப் என்ற, முதுகில் திமில் எழும்பிய நாட்டு மீனுக்கு முட்டையிட 16 டிகிரியாவது வேண்டும். அணையிலிருந்து சுமார் 120 கிலோமீட்டர் கீழே வந்து சேரும் லிட்டில் கொலராடோ என்ற வெதுவெதுப்பான கிளையாறு மட்டுமே அதற்குப் பிரசவ அறையாக மிஞ்சியது. அணைக்குக் கீழே உள்ள குளிர்நீரில் 1964-ல் ரெயின்போ டிரவுட்டைத் தூண்டில்காரர்களுக்காக விட்டார்கள். நீலகிரியில் அவலாஞ்சியில் வளர்கிறதே, அதே டிரவுட்தான். அது செழித்தது.

மணல் திட்டுகளை மீட்பதற்காக 1996-ல் ஏழு நாள் 45,000 கனஅடி செயற்கை வெள்ளம் விட்டார்கள். 2008 மார்ச்சில் 60 மணி நேரத்துக்கு மறுபடி ஒன்று. இரண்டாவதன் விளைவு யாரும் கேட்காத பரிசு: வெள்ளம் சரளையைக் கழுவிச் சுத்தமாக்கியது, புழு பூச்சி பெருகியது, வசந்தத்தில் பொரித்த டிரவுட் குஞ்சுகள் கொள்ளை கொள்ளையாகப் பிழைத்தன. டிரவுட் முட்டையிடுவது ஓடும் நீரில், சரளையில், குளிரில். பாஸின் கூட்டை அழிக்கிற வெள்ளம் டிரவுட்டின் தொட்டிலைத் தூசி தட்டிக் கொடுக்கிறது. அதனால் பிற்பாடு வெள்ளத்தைப் பெரும்பாலும் நவம்பருக்குத் தள்ளினார்கள். அதற்கு முன், 2003 முதல் 2006 வரை, கிளையாறு கலக்கும் இடத்தில் படகில் மின்சாரம் வைத்து 20,000-க்கு மேற்பட்ட அயல் மீன்களைப் பிடித்து அகற்றியும் பார்த்தார்கள். அந்தச் சங்கமம் தங்களுக்குப் புனிதம், அங்கே உயிர்க்கொலை கூடாது என்று ஜூனி பழங்குடியினர் எதிர்த்தார்கள்.

அடுத்து வந்தது வறட்சி, அதோடு சூடு. இங்கே அணையின் உள்கட்டமைப்பைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும். மின்நிலையத்துக்குப் போகும் குழாய்களின் வாய் கடல் மட்டத்துக்கு மேல் 3,470 அடியில் இருக்கிறது. ஏரி நிரம்பினால் மட்டம் 3,700. அதாவது 230 அடி ஆழத்திலிருந்து, வெயில் எட்டாத அடுக்கிலிருந்து நீர் போகும். 2022 கோடையில் மட்டம் இறங்கி அந்த ஆழம் 70 அடி அளவுக்கு வந்துவிட்டது. குழாய் இப்போது ஏரியின் சூடான மேல் அடுக்கை உறிஞ்சத் தொடங்கியது. வெளியே போன நீர் 20 டிகிரியைத் தொட்டது. மேல் அடுக்கில் வாழும் ஸ்மால்மவுத் பாஸும் அதே குழாயில் புகுந்து, டர்பைனைத் தாண்டி உயிரோடு கீழே விழுந்தது. ஜூலையில் அணைக்குக் கீழே ஒரு தேங்கலில் பாஸ் குஞ்சுகள் அகப்பட்டன. வந்தது மட்டுமல்ல, குடும்பமும் நடத்துகிறது என்று அப்போதுதான் தெரிந்தது. இன்னும் 120 கிலோமீட்டர் இறங்கினால் சப்பின் முக்கியப் பிரசவ அறை.

எடுத்த நடவடிக்கை அணையின் இன்னொரு குழாய்த் தொகுதியை நம்பியது. மின்குழாய்க்கு ஏறக்குறைய 100 அடி கீழே, 3,374 அடியில், நான்கு வெளியேற்றுக் குழாய்கள் உண்டு. மொத்தம் 15,000 கனஅடி விடலாம். அங்கே நீர் குளிர். 2024 ஜூலை முதல் நவம்பர் வரை மேலும் கீழும் கலந்து விட்டு, கிளையாற்றுச் சங்கமம் வரை ஆற்றை 15.5 டிகிரிக்குக் கீழே வைக்கப் பார்த்தார்கள். பாஸ் முட்டையிடத் தொடங்கும் சூட்டுக்கு ஒரு மயிரிழை கீழே. அந்தப் பருவத்தில் பாஸ் பெருகியதற்கான அடையாளம் கிடைக்கவில்லை. விலை என்ன என்றால், அந்தக் குழாய்களில் டர்பைன் கிடையாது. அதன் வழியே போகிற ஒவ்வொரு கனஅடியும் மின்சாரம் தராத கனஅடி. குழாயும் நீண்ட நாள் ஓட்டத்துக்குக் கட்டியதல்ல. 2023 ஏப்ரலில் தாழ்ந்த ஏரி மட்டத்தில் வெள்ளம் விட்டபோது உட்பூச்சு அரித்துப்போய், பிறகு புதுப்பூச்சு பூச வேண்டியிருந்தது.

இதில் ஒரு முரண் இருக்கிறது. சப் குறைந்ததற்கு அணையின் குளிர்நீர் ஒரு காரணம். ஏரி இறங்கி நீர் சற்று வெதுவெதுப்பானதும் சப் பெருகியது. 2021-ல் ‘அழியும் நிலை’யிலிருந்து ஒரு படி மேலே ஏற்றினார்கள். அதே வெதுவெதுப்பு இன்னும் மூன்று நான்கு டிகிரி கூடியபோது பாஸ் வந்தது. சப்புக்கு வேண்டிய சூட்டுக்கும் பாஸுக்கு வேண்டிய சூட்டுக்கும் இடையே விரல் நுழையும் இடைவெளிகூட இல்லை. 2024-ல் சப்பைக் காப்பாற்றவே அதற்குப் பிடிக்காத குளிரை விட்டார்கள்.

பூட்டாவின் அட்டவணையைக் காவிரிக்கோ வைகைக்கோ அப்படியே பெயர்க்கலாமா என்று தோன்றுவது இயல்பு. பாதிதான் பெயரும். புதுவெள்ளத்தில் எதிரேறி முட்டையிடும் பழக்கம் நம் ஆற்றுக் கெண்டைகளுக்கும் உண்டு. கடலிலிருந்து காவிரியில் ஏறிவந்த உல்லம், 1934-ல் மேட்டூர் அணை முடிந்து வெள்ளத்தின் போக்கு மாறிய பிறகு அருகிப்போனது. அந்தப் பக்கம் காலமறிந்து விடும் தண்ணீருக்கு வேலை இருக்கிறது. ஆனால் நம் அயல் மீன் பாஸ் அல்ல, ஜிலேபிக் கெண்டை. 1952-ல் இந்தியாவுக்கு வந்த மொசாம்பிக் இனம் பல நீர்த்தேக்கங்களில் வலையை நிரப்புகிறது. ஆண் மீன் ஓரத்தில் குழி பறிப்பது வரை பாஸ் மாதிரியே. முட்டையிட்டதும் பெண் மீன் அத்தனையையும் வாயில் கவ்விக்கொண்டு ஆழத்துக்குப் போய்விடும். மட்டத்தை இறக்கிக் குழியைக் காயவைத்தால் குழிதான் காயும். வெள்ளம் விட்டால் தாய் ஒரு மடுவைத் தேடி ஒதுங்கும். வாய்க்குள் முட்டை பத்திரமாக இருக்கும், நீர் அடங்கியதும் குஞ்சைத் துப்பும். ஆண்டில் பல தடவை சினை பிடிப்பதால் ஒரு ஈடு போனாலும் அடுத்த மாதமே ஈடுகட்டிவிடும்.